இரண்டு கதவு வைத்த கூண்டு

“சாப்புட என்ன குடுக்குறீங்க?” என்று டாக்டரம்மா கேட்டார்.

நானும் என் தம்பி குமரவேலுவும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம். நான் கொய்யாப்பழம் என்றேன். அவன் பச்சைமிளகாய் என்றான்.

கால்நடை மருத்துவமனையின் தகர மேசைமேல், பழைய துண்டில் சுற்றிய எங்கள் கிளி சொக்கி கிடந்தது. நெஞ்சில் ஒரு இறகுகூட இல்லை. எல்லாவற்றையும் அதுவே பிடுங்கிப் போட்டுவிட்டது. உரித்த கோழி மாதிரித் தோல் தெரிந்தது. உள்ளே பினாயில் வாசனை, வாசலில் யாரோ கட்டியிருந்த எருமையின் சாண வாசனை. டாக்டரம்மா சேத்தியாத்தோப்புப் பக்கத்துப் பெண், வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகவில்லை. வளைந்து நீண்டு போயிருந்த அலகைத் தொட்டுப் பார்த்தார். வயிற்றை ஒரு விரலால் அழுத்தினார். சொக்கி அவர் கையுறையைக் கடித்துக் கிழித்தது.

“வேற?”

“வேற ஒண்ணும் இல்லீங்க” என்றேன்.

“ஆமாங்க, வேற ஒண்ணும் இல்ல” என்றான் தம்பி.

பாகம் பிரித்து மூன்று வருஷத்தில் நாங்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அந்தப் பொய்தான்.

இந்தப் பத்திரிகைத் தொடரில் இதுவரை நான் வேலை பார்த்த சூளையைப் பற்றி எழுதினேன், முதலாளிகளைப் பற்றி எழுதினேன், கூலி உயர்வுக்கு நின்றபோது காலை வாரியவர்களைப் பற்றி எழுதினேன். அடுத்தவன் செய்த தப்பை எழுதுவது சுகமான வேலை. பேனா தானாக ஓடும். இந்த அத்தியாயத்தை மட்டும் நாலு வாரமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

மேஸ்திரி கண்டுபிடித்த வழி

சொக்கி எங்கள் அப்பாவின் கிளி. ஒரு புயலுக்கு மறுநாள், ஒடிந்து விழுந்த பனைமரத்துப் பொந்தில் குஞ்சாகக் கிடந்ததை எடுத்து வந்தார். பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம். அது அவருக்குத் தெரியாது. எங்களுக்குப் பின்னால் தெரிந்தது, தெரிந்தும் விடவில்லை. அதையும் ஒப்புக்கொண்டே எழுதுகிறேன்.

அப்பா அதற்குக் கொடுத்தது கொஞ்சம்தான். காலையில் ஒரு பிடி கம்பு, இல்லாவிட்டால் தினை. மதியம் முருங்கைக் கொழுந்து. அரைக் கொய்யா. நாக்கு திரும்பும் என்று நம்பி ஒரு பச்சைமிளகாய். தன் தட்டிலிருந்து ஒரு பருக்கைகூடப் போட மாட்டார். அதை அறிவு என்று சொல்ல முடியாது, மனுஷன் அவ்வளவு கஞ்சம். அந்தக் கஞ்சத்தனத்தில் கிளி பத்து வருஷம் பளபளவென்று இருந்தது. “கேட்ட சாத்து, கேட்ட சாத்து” என்று, வாசல் கேட்டை மூடச் சொல்லி அப்பா போடும் சத்தத்தைத் தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொல்லும். யாரையும் கடித்ததில்லை.

அப்பா போனபின் வீட்டைப் பிரித்தோம். அண்டா, ஆட்டுக்கல், மோட்டார், முருங்கைமரத்தின் கிளை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது வரை பிரித்தோம். கிளியில் வந்து பேச்சு நின்றுவிட்டது. எனக்குத்தான் என்றேன், மூத்தவன். எனக்குத்தான் என்றான், அப்பாவைக் கடைசிவரை குளிப்பாட்டியவன் அவன். பஞ்சாயத்துக்கு வந்தவர்கள் மூன்று டீ குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

வழி சொன்னது, கூடத்தின் நடுவே சுவர் வைக்க வந்த மேஸ்திரி. “இதுக்கா இத்தினி பேச்சு? செவுத்துல ஒரு ஓட்டை வுட்டுடறேன். கூண்ட குறுக்கால சொருவிடுவோம். பாதி இந்தூட்டுல, பாதி அந்தூட்டுல” என்றார்.

அப்படியே செய்தார். வெல்டிங் கடையில் கொடுத்துக் கூண்டுக்கு இரண்டாவது கதவு வைத்தோம். நான் பொம்மை வார்க்கும் கம்பெனியில் சூளை பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து ஒரு பீங்கான் கிண்ணம் கொண்டுவந்து என் பக்கம் வைத்தேன். தம்பி பீங்கானில் ப்யூஸ் கேரியர் செய்கிற கம்பெனியில் இருந்தான். அவனும் ஒரு கிண்ணம் கொண்டுவந்தான். என்னுடையதைவிடப் பெரியது, வேண்டுமென்றேதான். தெருவே வந்து பார்த்துவிட்டு, அண்ணன் தம்பி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனது.

முகம் யாருக்கு, முதுகு யாருக்கு

கூண்டுக்குள் இருந்தது ஒரே ஒரு குச்சி. அதில் உட்கார்ந்தால் கிளி ஏதாவது ஒரு வீட்டைத்தான் பார்க்க முடியும். இன்னொரு வீட்டுக்கு முதுகுதான். இதை மேஸ்திரி யோசிக்கவில்லை.

முதல் வாரமே ஆரம்பித்துவிட்டது. என் மனைவி ஜெயந்தி பெண்ணாடத்துக்காரி. சர்க்கரை ஆலைக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள், எதிலும் ஒரு கை இனிப்பைக் கூடப் போடுவாள். வெல்லத்தில் உருட்டிய மல்லாட்டை (வேர்க்கடலை) உருண்டையை உடைத்துக் கிண்ணத்தில் போட்டாள். சொக்கி எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்தது. ஜெயந்தி வேண்டுமென்றே சத்தமாகக் கொஞ்சினாள்.

மறுநாள் அந்தப் பக்கமிருந்து வறுத்த முந்திரி வாசனை வந்தது. தம்பி மனைவி மலர் முந்திரித் தோப்புக்காரர் வீட்டுப் பெண். வீட்டிலேயே உட்கார்ந்து கொட்டை உடைத்துக் கொடுக்கிற வேலையும் செய்தாள். சொக்கி எங்களுக்கு முதுகைக் காட்டியது.

பிறகு நாங்கள் பூந்தி. அவர்கள் நெய்யில் வறுத்த முந்திரி. நாங்கள் டீயில் நனைத்த பிஸ்கட். அவர்கள் அப்பளம். அப்பளத்துக்கு நாங்கள் மிக்சர். நாற்பது வயதுக்கு மேல் ஆன நாலு பேர், உழைத்துச் சாப்பிடுகிற நாலு பேர், ஒரு கிளியின் முகத்துக்காக அடித்துக்கொண்டோம். இன்று நினைத்தால் கேவலமாக இருக்கிறது. அன்று அது எங்களுக்குப் பெரிய மானப் பிரச்சினை.

கிளி கொழுத்தது. அழகாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டோம். அப்புறம் பேச்சு நின்றது. விடிந்ததும் கத்தத் தொடங்கி, நான் சூளைக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்வரை கத்தியது. கிண்ணத்தை எடுக்கக் கைவிட்டால் சதையோடு பிடித்தது. ஜெயந்தியின் கட்டைவிரலில் இன்னும் தழும்பு இருக்கிறது. கடைசியில் தன் இறகைத் தானே பிடுங்க ஆரம்பித்தது.

“அந்தூட்டுக்காரி கண்ணுதான்” என்று ஜெயந்தி மிளகாய் சுற்றிப் போட்டாள். சுவருக்கு அந்தப் பக்கமும் மிளகாய் கருகுகிற நெடி வந்தது.

மலர் வாயைத் திறந்தாள்

மேசைமேல் துண்டில் கிடந்த சொக்கிக்கு வருகிறேன்.

டாக்டரம்மா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “கொய்யாவும் மொளகாயும் தின்னா இந்த ஒடம்பு வராது. பொய் சொன்னா எனக்கு ஒண்ணும் இல்ல. அதுக்குத்தான் உசுரு போவும்” என்றார்.

நான் சுவரில் ஒட்டியிருந்த கோமாரித் தடுப்பூசி விளம்பரத்தைப் படித்தேன். தம்பி செருப்பைப் பார்த்தான். பின்னால் கூண்டைப் பிடித்துக்கொண்டு நின்ற மலர்தான் பேசினாள்.

“நான் முந்திரி குடுத்தேங்க டாக்டரம்மா. வறுத்தது. ஒரு நாளைக்கி ஏழெட்டு. தப்புங்களா?”

அவள் சொன்னபிறகுதான் என் வாயிலிருந்து வெல்லமும் மிக்சரும் ஒவ்வொன்றாக வந்தன. டாக்டரம்மா எழுதவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார்.

“ஈரல்ல கொழுப்பு ஏறிப்போச்சி. உப்பு வேற. ஒடம்பெல்லாம் அரிப்பு, எரிச்சல். வாய் இருந்தா சொல்லியிருக்கும். இல்லாததால கடிக்குது, கத்துது, இறகப் புடுங்குது. கோவக்காரக் கிளின்னு நெனச்சிருப்பீங்க. அதுக்குக் கோவமே இல்ல, நோவு.”

என்ன கொடுக்க வேண்டும் என்று சொன்னார். அப்பா கொடுத்ததைத்தான் சொன்னார், முளைகட்டின பயறும் கேரட்டும் சேர்த்து. ஒரேயடியாக மாற்றினால் பட்டினி கிடந்தே செத்துவிடும், கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும் என்றார். முந்திரி, இனிப்பு, எண்ணெய்ப் பண்டம் எதுவும் வாயில் படக்கூடாது. ஒரே ஒரு கைதான் தீனி கொடுக்க வேண்டும். “இது பொழைக்கட்டும். அப்புறம் வனத்துறையில ஒப்படைக்கிறதப் பத்திப் பேசுவோம்” என்று முடித்தார்.

வெளியே வந்ததும் தம்பி என்னைப் பார்த்தான். “நீயே வச்சிக்கண்ணே. உசுரோட இருந்தா போதும்” என்றான்.

வீட்டுக்கு வந்த கையோடு கட்டுக்கம்பி எடுத்துத் தன் பக்கக் கதவைத் தானே முறுக்கிக் கட்டினான். தன் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டான். அதை நான் ஜெயித்ததாக எடுத்துக்கொண்டேன்.

கொடுத்தவன் நான், பார்த்தது அங்கே

முதல் பத்து நாள் பெரும்பாடு. கீரையைக் கிழித்து வெளியே எறிந்தது. பயறைக் கிண்ணத்தோடு கவிழ்த்தது. கத்தலில் காது அடைத்துப்போகும். தம்பி வீட்டில் பொறுத்துக்கொண்டார்கள், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு ஒரு காலை கொய்யாவைக் கொறித்தது. இன்னொரு நாள் பயறு. மூன்றாவது வாரம் கிண்ணத்தை எடுக்கக் கைவிட்டேன், கடிக்கவில்லை. விரலை அலகால் மெல்லத் தடவிப் பார்த்தது. நெஞ்சில் ஊசி ஊசியாகப் புது இறகு குத்திக்கொண்டு வந்தது. ஒரு சாயங்காலம் “கேட்ட சாத்து” என்றது. நான் அழுதுவிட்டேன். தீனிக்கு இவ்வளவு சக்தி உண்டென்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஆனால் அது அந்தப் பக்கம் பார்த்துச் சொன்னது.

தம்பி கதவைக் கட்டினானே தவிர, கம்பி வழியாகப் பார்க்கலாம், பேசலாம். மலர் கொட்டை உடைக்கும் இடத்தைக் கூண்டிலிருந்து எட்ட, அடுப்பங்கரைப் பக்கம் மாற்றிக்கொண்டாள். முந்திரித்தோல் எண்ணெய் பட்டுக் கறுத்த கையைப் புடவையில் மறைத்துக்கொண்டு, வெறுங்கையோடு வந்து நின்று பேசுவாள். “சொக்கி, கீர துன்னியா? நல்ல புள்ள” என்பாள். அவ்வளவுதான். அதற்கே அது நாள் முழுக்க அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கும்.

கீரை ஆய்வது நான். பயறு ஊறவைப்பது நான். எச்சத்தைத் துடைப்பது நான். எனக்கு முதுகு. எனக்கு வயிறு எரிந்தது. வேறு வார்த்தை தேட வேண்டியதில்லை, பொறாமைதான்.

ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது கடையில் நூறு கிராம் முந்திரி வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஜெயந்தி குழாயடிக்குப் போயிருந்தாள். ஒன்றே ஒன்றை விரலிடுக்கில் வைத்துக் கம்பிக்குள் நீட்டினேன். சொக்கி முழுசாகத் திரும்பியது. என் விரலைப் பிடித்துக்கொண்டு தின்றது. தின்றபிறகும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஒன்றில் என்ன வந்துவிடும் என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் ஐந்தாயிற்று.

நான் சொன்ன ஒரு வாக்கியம்

கத்தல் திரும்பியது. கடி திரும்பியது. முளைத்த இறகைப் பிடுங்கிவிட்டது. பயறைத் தொடவே இல்லை, என் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தது. மறுபடி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். “யாரோ முந்திரி குடுக்குறாங்க” என்றார் டாக்டரம்மா. எச்சத்திலேயே தெரிகிறதாம்.

அங்கே நான் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பேன், அது பிழைத்திருக்கலாம். வீடு திரும்பினோம். கூடத்தில் கூண்டை மாட்டும்போது, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தம்பி கேட்டான்: “யாரண்ணே குடுத்திருப்பாங்க?”

நான் சொன்னது இதுதான். “முந்திரி யாரு வூட்டுல இருக்குதுன்னு ஒனக்குத் தெரியாதா?”

மலர் பெயரை நான் சொல்லவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நாலாம் நாள் காலையில் சொக்கி கூண்டின் தரையில் கிடந்தது. கால் இரண்டும் விறைத்திருந்தன. தம்பி தன் பக்கக் கட்டுக்கம்பியை அறுத்துவிட்டு அதை வெளியே எடுத்தான். அடித்தட்டில் முந்திரித் துணுக்குகள் கிடந்தன. முந்தின நாள் நான் கொடுத்தது. அவன் ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தான்.

“நான் குடுக்கல” என்று மலர் சொல்வது கேட்டது. “சத்தியமா நான் குடுக்கல.”

அறை விழுந்த சத்தம் சுவர் ஓட்டை வழியாகத் தெளிவாகக் கேட்டது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் என் தம்பி அவள்மேல் கை வைத்தது அன்றுதான் முதல் தடவை. நான் இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். என் சட்டைப்பையில் மிச்ச முந்திரி இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

பிராது

எங்கள் ஊர்ப் பக்கத்தில் நியாயம் கிடைக்காதவர்கள் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போவார்கள். போலீசில் மனு கொடுப்பதுபோல, இன்னார் எனக்கு இன்ன கெடுதல் செய்தார் என்று தாளில் எழுதிச் சாமி முன்னால் வைத்து வாங்கி, வேலில் கட்டிவிட்டு வருவார்கள். அதற்குப் பிராது என்று பெயர். சாமி விசாரித்துத் தீர்ப்புக் கொடுப்பார் என்று நம்பிக்கை. விவகாரம் முடிந்தால் போய்ப் பிராதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அதை ராஜினாமா என்பார்கள்.

மலர் மறுவாரமே போய்ப் பிராது கட்டினாள். தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

“கட்டட்டும், கட்டட்டும். குடுத்தவ எவளோ அவளுக்குத்தான் பலிக்கும்” என்றாள் ஜெயந்தி. அவள் மலரைத்தான் சொன்னாள். கொடுத்தது நான் என்று அவளுக்கும் இன்றுவரை தெரியாது. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே ஆமாம் என்றேன்.

சாமி நம்பிக்கை எனக்கு அவ்வளவாகக் கிடையாது. சூளை பற்றவைக்கும்போது கற்பூரம் காட்டுவதோடு சரி. ஆனால் அந்தப் பிராது கட்டியபிறகு ஒவ்வொரு இருமலுக்கும் பயந்தேன். என் மகள் அப்போது முழுகாமல் இருந்தாள். ஒவ்வொரு முறை ஸ்கேன் எடுக்கப் போகும்போதும் டாக்டர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். போய் உண்மையைச் சொல்ல மட்டும் தைரியம் வரவில்லை. சுவர் ஓட்டையைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசினேன்.

பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள்.

சில நாள் கழித்து ரேஷன் கடை வரிசையில் மலர் எனக்குப் பின்னால் வந்து நின்றாள். வெயில். முன்னால் பத்துப் பதினைந்து பேர். நான் திரும்பவில்லை.

“பேத்தி பொறந்திருக்காமே, மாமா.”

“ஆமாம்மா.”

“நேத்து கோயிலுக்குப் போயி ராஜினாமா பண்ணிட்டு வந்துட்டேன். பச்சப்புள்ள பொறந்திருக்கிற வூடு. நம்மளால ஒண்ணு வரக்கூடாது.”

நான் திரும்பினேன். அவள் பையை மடித்துப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

“உங்க பேரத்தான் எழுதியிருந்தேன் மாமா. அடுப்பங்கரையில இருந்து பாத்தா கூண்டு தெரியும். நீங்க சட்டப்பையில கை வுட்டது, குடுத்தது எல்லாம் தெரிஞ்சிது.”

“அவன்கிட்ட சொல்லலியா?”

“சொன்னேனே. அதுக்குத்தான் ரெண்டாவது அறை. ‘எங்கண்ணனையா சொல்றே?’ன்னு.” அவள் குரல் உயரவே இல்லை. “அத வுடுங்க. இப்பவும் நான் சோறு போட்டு வச்சா, தட்ட ஒரு தரம் பாத்துட்டுத்தான் கை வைக்கிறாரு. அது ஒண்ணுதான் எனக்குத் தாங்கல.”

வரிசை நகர்ந்தது. அரிசி வாங்கிக்கொண்டு நான் முன்னால் வந்துவிட்டேன். அன்று சாயங்காலம் தம்பி வீட்டு வாசல்வரை போனேன். அவன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். “வாண்ணே” என்றான். சும்மா வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அப்படி மூன்று முறை போய் மூன்று முறை திரும்பியிருக்கிறேன்.

இந்தப் பத்திரிகையை அவன் வாராவாரம் வாங்குகிறான். அண்ணன் எழுதுகிறான் என்று கம்பெனியில் எல்லோருக்கும் காட்டுகிறானாம். நேரில் வராத வார்த்தையை இங்கே எழுதுகிறேன்.

குமரவேலு, சொக்கிக்கு முந்திரி குடுத்தது நான்டா. மலரு இல்ல. அவ போடற சோத்த இனிமே தட்டப் பாக்காம துன்னு.